ஃபோர்க்கைக் குறை சொல்லும் முன்

கோலாலம்பூரின் புக்கிட் கியாராவில் மலைச் சைக்கிள் ஓட்டியவர்களுக்குத் தெரியும்: ஒரு வேரைத் தாண்டினால் அடுத்த வேர் காத்திருக்கும். கை வலியோடு திரும்பும் பலர், "ஃபோர்க் சரியில்லை, மாற்ற வேண்டும்" என்கிறார்கள். முன்சக்கரத்தை இருபுறமும் பிடித்து அதிர்வை வாங்கும் இரட்டைக்கால் பகுதிதான் ஃபோர்க். நான் பார்த்தவரை ஃபோர்க் நன்றாகத்தான் இருக்கிறது. அதைத் தம் எடைக்கு ஏற்றபடி அவர்கள் அமைத்துக்கொள்ளவில்லை.

பெரும்பாலான காற்று ஃபோர்க்குகளில் ஒரு காலில் காற்றும், மறு காலில் எண்ணெயும் வேலை செய்கின்றன. காற்று நம் எடையைத் தாங்குகிறது. எண்ணெய் சிறு துளைகளில் நெருக்கிப் புகுந்து, அமிழும் வேகத்தையும் மீளும் வேகத்தையும் அடக்குகிறது. இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணிக் குழம்புவதில்தான் பாதித் தவறுகள் தொடங்குகின்றன.

அமிழவே கூடாது என்று காற்றை இறுக அடைப்பது அவற்றில் பெரியது. ஓராண்டு நானும் அப்படித்தான் ஓட்டினேன். மணிக்கட்டு வலிதான் மிஞ்சியது. ஏறி நின்றதுமே ஃபோர்க் தன் மொத்த அசைவில் 15 முதல் 25 விழுக்காடு வரை அமிழ வேண்டும். 120 மி.மீ. அசைவுள்ள ஃபோர்க்கில் 20 விழுக்காடு என்றால் 24 மி.மீ. வேருக்கு அப்பால் பள்ளம் வரும்போது, முன்பே அமிழ்ந்திருக்கும் ஃபோர்க்தான் நீண்டு சக்கரத்தை மண்ணோடு சேர்த்து வைக்கும். இறுகிய ஃபோர்க்கில் சக்கரம் அந்தரத்தில் நிற்கும். அந்த நேரத்தில் பிரேக்கும் பிடிக்காது, திருப்பமும் கிடைக்காது.

அளக்கும்போது தலைக்கவசம், தண்ணீர்ப் பை எல்லாவற்றோடும் ஏறுங்கள். குழாயில் இருக்கும் ரப்பர் வளையத்தை, குழாய் கீழ்க்காலுக்குள் நுழையும் இடத்தில் உள்ள சீல் வரை தள்ளிவிட்டு, மெல்ல ஏறி நின்று, மெல்ல இறங்கிப் பாருங்கள். வளையம் நகர்ந்திருக்கும் தூரமே ஃபோர்க் அமிழ்ந்த அளவு. காற்றடிக்கும்போது இடையிடையே ஃபோர்க்கைப் பத்து முறை அமுக்குங்கள். பல ஃபோர்க்குகளில் உள்ளே இருக்கும் இரண்டாவது அறைக்கும் காற்று போய்ச் சேர வேண்டும். அப்போது காற்றழுத்த மானியின் முள் இறங்குவது கசிவு அல்ல.

அடுத்தது சிவப்புத் திருகை மறந்துவிடுவது. அது மீளும் வேகத்துக்கானது. மிகவும் மெதுவாக வைத்தால், ஒரு வேரில் அமிழ்ந்த ஃபோர்க் நிமிர்வதற்குள் அடுத்த வேர் வந்துவிடும். நான்காவது வேரில் அமிழ இடமே இருக்காது. அந்த இறுக்கத்துக்குக் காற்று அதிகம் என்று நினைத்து அதை இன்னும் குறைப்பவர்கள் நிலைமையை மோசமாக்குகிறார்கள். மிக வேகமாக வைத்தாலோ கைப்பிடி துள்ளும். ஒவ்வொரு சொடுக்காக மாற்றி, ஒரே இறக்கத்தில் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்ப்பதுதான் வழி.

ஏற்றத்துக்காகப் பூட்டிய ஃபோர்க்கை இறக்கத்தில் திறக்க மறக்காதீர்கள்; மறந்தால் வேகத்தை அடக்கும் எண்ணெய்ப் பகுதியான டேம்பர் கெடக்கூடும்.

நம் ஊர் மழையும் சேறும் சொல்லத் தேவையில்லை. ஆனால் கார் கழுவும் கடையின் அழுத்தக் குழாயைச் சீலுக்கு நேராகப் பிடிப்பதைப் பார்த்தால் எனக்கு மனம் பதறுகிறது. துருநீக்கும் ஸ்பிரேயும் வேண்டாம். சீலில் இருக்கும் கிரீஸைக் கழுவிவிடும். ஈரத்துணியால் துடைத்தாலே போதும். ராக்‌ஷாக்ஸ் நிறுவனம் தன் பல ஃபோர்க்குகளுக்கு 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒரு முறை கீழ்க்கால்களைக் கழற்றிச் சுத்தம் செய்து எண்ணெய் மாற்றச் சொல்கிறது. வாரம் இரண்டு மணி நேரம் ஓட்டுபவருக்கு அது ஆறு மாதம். கழற்றும்போது எண்ணெய் தே தாரிக் (பால் தேநீர்) நிறத்தில் வடிந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது என்று பொருள். சீல்களையும் சேர்த்து மாற்றிவிடுங்கள்.