‘எஸ், எம்.’ யார்? ஸோட்டெரோவில் ரெஃபரன்ஸ் பட்டியல் போடும் கதை

போன வருடம் என் கட்டுரை ஒன்று போன வேகத்தில் திரும்பி வந்தது. ரிவ்யூவர் கைக்கே போகவில்லை. “ரெஃபரன்ஸ் எங்கள் வடிவத்தில் இல்லை” என்று ஒரு வரி, அவ்வளவுதான். மொத்தம் 63 ரெஃபரன்ஸ், எல்லாம் வான்கூவர் முறையில் (வரிகளுக்கு நடுவில் எண் மட்டும் போடும் முறை) வேர்டில் கையால் அடித்தவை. அவர்கள் கேட்டதோ ஏபிஏ 7 (ஆசிரியர் பெயரும் வருடமும் போடும் முறை, ஏழாம் பதிப்பு). மூன்று ராத்திரி தூக்கம் போச்சு. நீங்களும் அப்படி முழித்துக் கிடக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஸோட்டெரோ என்பது ரெஃபரன்ஸ்களைச் சேமித்து, கேட்ட வடிவத்தில் பட்டியல் போட்டுத் தரும் மென்பொருள். அதை எப்படி நிறுவுவது, ப்ரவுசரில் கனெக்டரை எப்படிச் சேர்ப்பது என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன். பத்து நிமிட வேலை. ‘ஏன் மெண்டலே இல்லை, எண்ட்நோட் இல்லை?’ (அவையும் இதே வேலைக்கான மென்பொருள்கள்) என்பவர்களுக்கு: எண்ட்நோட்டுக்குக் காசு கொடுக்க வேண்டும். மெண்டலே ஒரு பதிப்பகத்தின் கையில் இருக்கிறது. என் நூலகம் அப்படி ஒருவர் கையில் இருப்பதில் எனக்கு இஷ்டமில்லை. ஸோட்டெரோ இலவசம், திறமூலம். 300 எம்பி வரம்பு என்று பயமுறுத்துவார்கள். அது பிடிஎஃப் கோப்புகளை அவர்கள் சர்வரில் வைப்பதற்கு மட்டும்தான். ரெஃபரன்ஸ் விவரங்களுக்கு வரம்பு இல்லை.

படி 1: ஆய்விதழின் விதிமுறையைப் படியுங்கள்

சிரிக்காதீர்கள், நான் படிக்கவில்லை. சில ஆய்விதழ்கள் முதல் தடவை அனுப்பும்போது எந்த வடிவத்தில் இருந்தாலும் ஏற்கும். பட்டியல் முழுக்க ஒரே மாதிரி இருந்தால் போதும். அப்படி இருந்தால் அக்செப்ட் ஆன பிறகு வடிவத்தைப் பார்த்துக்கொள்ளலாம்.

படி 2: டிஓஐ போட்டு இழுங்கள்

ஸோட்டெரோவின் மேல்பட்டையில் மந்திரக்கோல் மாதிரி ஒரு படம் இருக்கும். அதை அழுத்தி டிஓஐ எண்ணை (ஒரு கட்டுரைக்கென்றே உள்ள நிரந்தர அடையாள எண்) ஒட்டினால் விவரம் முழுவதும் வந்துவிடும். கூகுள் ஸ்காலரில் ‘சைட்’ பொத்தானை அழுத்தி வரியை காப்பி பண்ணி ஒட்டுகிற பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். ஏஐ-யிடம் ரெஃபரன்ஸ் கேட்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: அது தரும் டிஓஐயை ப்ரவுசரில் திறந்து பார்க்காமல் சேர்க்காதீர்கள். இல்லாத கட்டுரைக்கும் அழகாக எண் கொடுக்கும்.

படி 3: பெயர்கள்

என்னைக் கவிழ்த்த இடம் இதுதான். கொஞ்சம் நின்று படியுங்கள்.

சு. மாரிமுத்து என்று ஒருவர் 2019-இல் ஒரு கட்டுரை எழுதியதாக வைத்துக்கொள்வோம் (பெயர் கற்பனை). ஏபிஏவில் அது ‘மாரிமுத்து, எஸ்.’ என்று வர வேண்டும். என் பட்டியலில் வந்தது ‘எஸ், எம்.’ கட்டுரை நடுவில் ‘(எஸ், 2019)’. யார் இந்த எஸ் என்று எனக்கே புரியவில்லை.

காரணம் நம் இனிஷியல்தான். கட்டுரை சமர்ப்பிக்கும் படிவத்தில் ‘லாஸ்ட் நேம்’ கட்டத்தைக் காலியாக விட முடியாது. நமக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பா பெயரின் முதலெழுத்தை அதில் போட்டுவிடுகிறோம். பதிப்பகம் அதை அப்படியே கிராஸ்ரெஃபுக்கு (டிஓஐ பதிவு செய்யும் அமைப்பு) அனுப்பும்; ஸோட்டெரோ அங்கிருந்துதான் எடுக்கிறது. ஆக, அந்த ‘எஸ்’ குடும்பப் பெயராகவே நின்றுவிடுகிறது. வான்கூவரில் இருந்தவரை இது என் கண்ணில் படவில்லை. அங்கே வரிகளுக்கு நடுவில் வெறும் எண்தானே வரும்!

சரிசெய்வது சுலபம். அந்தப் பதிவைத் திறந்து, வலது பக்கம் ஆசிரியர் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் மெனுவில் முதல் பெயரையும் கடைசிப் பெயரையும் இடம் மாற்றும் வசதியை அழுத்தினால் போதும். ‘சுந்தரம் மாரிமுத்து’ என்று இரண்டும் முழுப் பெயராக இருந்தால்தான் தலைவலி. எது அப்பா, எது பிள்ளை? அவருடைய மற்றக் கட்டுரைகளையோ ஆர்க்கிட் (ஆய்வாளர்களுக்கான அடையாள எண்) பக்கத்தையோ பாருங்கள். இனிஷியலோடு எழுதிய ஒன்று எங்காவது கிடைக்கும்.

இதற்கு நேர் எதிரான கூத்து நிறுவனப் பெயர்களில் நடக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் ஆங்கிலப் பெயரைக் கையால் சேர்த்தேன். பட்டியலில் ‘ஆர்கனைசேஷன், டபிள்யூ. எச்.’ என்று ஒரு மனிதராகவே மாறிவிட்டது. பெயர்க் கட்டத்தின் ஓரத்தில் இரண்டு கட்டத்தை ஒன்றாக்கும் சின்னப் பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தி முழுப் பெயரையும் ஒரே கட்டத்தில் எழுதினால் சரியாகிவிடும்.

இனி நீங்கள் கட்டுரை அனுப்பும்போது ‘லாஸ்ட் நேம்’ கட்டத்தில் உங்கள் சொந்தப் பெயரைப் போடுங்கள், இனிஷியலை முதல் கட்டத்துக்குத் தள்ளுங்கள். இல்லையென்றால் நாளைக்கு நீங்களும் ஒரு ‘எஸ், எம்.’

படி 4: தலைப்பு

ஏபிஏவில் கட்டுரைத் தலைப்பின் முதல் சொல்லும் துணைத்தலைப்பின் முதல் சொல்லும் சிறப்புப் பெயர்களும் மட்டும்தான் பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும். தலைப்பின் மேல் ரைட் கிளிக் செய்தால் ‘சென்டன்ஸ் கேஸ்’ என்று வரும். அதைப் போட்டுவிட்டு ஒரு நடை பார்த்துவிடுங்கள். தமிழ்நாடு, சென்னை மாதிரிப் பெயர்களும் சில நேரம் சின்ன எழுத்துக்கு இறங்கிவிடும். எப்போதும் இந்த வடிவத்திலேயே சேமித்து வையுங்கள். இதிலிருந்து மற்ற வடிவத்துக்கு மென்பொருளே மாற்றிக்கொள்ளும். திருப்பி மாற்றச் சொன்னால் சிறப்புப் பெயர் எது என்று அதற்குத் தெரியாது.

படி 5: வேர்டில் சேர்ப்பது

வேர்டின் மேலே ஸோட்டெரோ டேப்பில் ‘ஆட்/எடிட் சைட்டேஷன்’ அழுத்துங்கள். ஆசிரியர் பெயரில் நாலு எழுத்து அடித்தால் பட்டியல் விரியும், தேர்ந்தெடுத்து என்டர். தேர்ந்தெடுத்தது ஒரு குமிழுக்குள் நிற்கும்; பக்க எண் வேண்டுமென்றால் அந்தக் குமிழைத் தட்டி அங்கேயே கொடுங்கள். வேர்டில் வந்து விழுந்த பிறகு கையால் திருத்தாதீர்கள். அடுத்த ரெஃப்ரெஷில் உங்கள் திருத்தம் போய்விடும். தப்பு இருந்தால் ஸோட்டெரோ பதிவில் திருத்துங்கள்.

கடைசியில் ‘ஆட்/எடிட் பிப்ளியோகிராஃபி’. முழுப் பட்டியலும் வந்துவிடும். வேறு ஆய்விதழுக்கு அனுப்புவதா? ‘டாக்குமென்ட் ப்ரிஃபரன்ஸஸ்’ திறந்து ஸ்டைலை மாற்றுங்கள். நான் மூன்று ராத்திரி செய்ததை அது ஒரு டீ ஆறுவதற்குள் செய்துவிடும்.

படி 6: அனுப்பும் முன்

கோப்பை ஒரு நகல் எடுங்கள். நகலில் மட்டும் ‘அன்லிங்க் சைட்டேஷன்ஸ்’ அழுத்தி, அதை அனுப்புங்கள். அழுத்திய பிறகு எல்லாம் வெறும் எழுத்துதான். ஸோட்டெரோவுக்கும் அதற்கும் சம்பந்தம் அறுந்துவிடும். மூலக் கோப்பிலேயே அழுத்திவிட்டு ரிவிஷன் வரும்போது தலையில் கை வைத்த ஒருவரை எனக்கு நன்றாகத் தெரியும். தினமும் கண்ணாடியில் பார்க்கிறேன்.

பிறகு சேர்த்தது: ‘சில இடத்தில் மட்டும் (எஸ். மாரிமுத்து, 2019) என்று இனிஷியலோடு வருகிறதே’ என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். ஒரு பதிவில் ‘எஸ்.’, இன்னொன்றில் ‘சுந்தரம்’ என்று இருந்தால் ஸோட்டெரோ அவர்களை இரண்டு ஆட்களாக நினைத்துப் பிரித்துக் காட்டுகிறது. இரண்டிலும் பெயரை ஒரே மாதிரி ஆக்கினால் போய்விடும்.

மறுபடியும் சேர்த்தது: தமிழ் நூல்களை ஆங்கிலக் கட்டுரையில் எப்படிக் காட்டுவது என்று ஒரு தமிழ்த்துறை அக்கா கேட்டார். ஏபிஏ முறையில் தலைப்பை ரோமன் எழுத்தில் எழுதி, பக்கத்தில் சதுர அடைப்புக்குள் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பைத் தர வேண்டும். ஸோட்டெரோவில் இதற்கென்று தனிக் கட்டம் கிடையாது. நான் இரண்டையும் தலைப்புக் கட்டத்திலேயே எழுதிவிடுகிறேன். எழுத்துப்பெயர்ப்புக்குத் தமிழ் லெக்சிகன் (சென்னைப் பல்கலைக்கழக அகராதி) முறையைப் பிடித்துக்கொண்டால் ழகரமும் ளகரமும் குழம்பாது. பட்டியல் முழுக்க அதே முறையில் போக வேண்டும், பாதியில் மாறக்கூடாது.

இன்னொன்று. ஒரு பதிவின் மேல் சிவப்புப் பட்டை தெரிந்தால் அது பழுது இல்லை. அந்தக் கட்டுரை திரும்பப் பெறப்பட்டுவிட்டது என்று ஸோட்டெரோ எச்சரிக்கிறது. என் 63-இல் ஒன்று அப்படி இருந்தது. இப்போது 62.