சிமுலிங்க்கில் நாமே எழுதும் ஃபங்ஷன் பிளாக்: சிவப்பில் வரும் பிழைகளைத் தீர்ப்பது எப்படி?

உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் பல வீடுகளில் ஒரு கிணறு, அதற்கொரு மோட்டர், மேலே ஒரு நீர்த்தாங்கி. தாங்கியில் தண்ணீர் 30 சதவீதத்துக்குக் கீழே போனால் மோட்டர் ஓட வேண்டும், 90ஐத் தாண்டினால் நிற்க வேண்டும். திருகோணமலையில் சிமுலிங்க் (மேட்லாப் மென்பொருளுடன் இயங்கும், பிளாக் எனும் கட்டங்களை இணைத்து ஒரு அமைப்பின் இயக்கத்தைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் கருவி) பழகத் தொடங்கும் தம்பி தங்கச்சிமாருக்கு முதல் பயிற்சியாக இதைத்தான் சொல்வேன். வீட்டில் தினமும் பார்க்கிற விசயம் என்பதால் விடை சரியா பிழையா என்று உங்களுக்கே தெரியும். புதியவர்களைத் திணற வைக்கிற பிழைகளும் இந்த ஒரு மாதிரியிலேயே வரிசையாக வந்துவிடும்.

ஒரு விசயம்: கீழே உள்ள நிரல் வரிகளைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். மென்பொருளில் தட்டும்போது எல்லாவற்றையும் ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

படி 1: பிளாக்கை வையுங்கள்

புதிய மாதிரியில் வெற்றிடத்தில் இரட்டைக் கிளிக் செய்து 'மேட்லாப் ஃபங்ஷன்' என்று தேடினால் பிளாக் வந்துவிடும். அதை இரட்டைக் கிளிக் செய்தால் எழுதும் பக்கம் திறக்கும். முதல் வரியில் நீங்கள் கொடுக்கும் பெயர்கள்தான் பிளாக்கின் உள்ளீடு, வெளியீட்டு வாசல்களாக மாறும். உள்ளீடு 'நீர்', வெளியீடு 'மோட்டர்' என்று வைத்துக்கொள்வோம். அந்த முதல் வரிக்குக் கீழே பெரும்பாலானோர் எழுதுவது இது:

    இஃப் நீர் < 30
        மோட்டர் = 1;
    எல்ஸ்இஃப் நீர் > 90
        மோட்டர் = 0;
    எண்ட்

ஓட விட்டால் பிழை வரும். வரட்டும்.

படி 2: முதல் பிழையை மட்டும் வாசியுங்கள்

டயக்னாஸ்டிக் வியூவர் என்ற சாளரத்தில் நாலைந்து செய்திகள் ஒன்றாகக் கொட்டும். பயப்பட வேண்டாம். அதில் 'வெளியீடுகளின் அளவையும் வகையையும் கண்டுபிடிக்க முடியவில்லை' என்ற பொருளில் நீளமாக ஒன்று இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு அளவு, வகை என்று அமைப்புகளை மாற்றப் போனால் பொழுதுதான் போகும். அது பெரும்பாலும் விளைவு. காரணம் நிரலுக்குள் வேறோர் இடத்தில் இருக்கிறது. வரி எண்ணோடு வந்திருக்கும் செய்தியைத் தேடி, அதிலுள்ள இணைப்பைக் கிளிக் செய்யுங்கள். நேராக அந்த வரிக்கே போய் நிற்கும். ஒன்றைத் திருத்தி மறுபடி ஓட விட்டால் மற்றவற்றில் பாதி தானாகவே காணாமல் போகும்.

படி 3: 'சில பாதைகளில் வெளியீட்டுக்கு மதிப்பு இல்லை'

நம் நிரலில் வந்த பிழை இதுதான். தண்ணீர் 60 சதவீதம் இருக்கும்போது மோட்டர் என்ன செய்ய வேண்டும்? நாம் சொல்லவே இல்லை. சிமுலிங்க் அதைத்தான் கேட்கிறது.

இணையத்தில் தேடினால் ஒரு சுருக்குவழி கிடைக்கும்: முதல் வரிக்கு அடுத்து, நிரலின் தொடக்கத்தில் 'மோட்டர் = 0;' என்று ஒரு வரி போடு, பிழை போய்விடும் என்பார்கள். உண்மைதான், போய்விடும். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். 29இல் மோட்டர் ஓடத் தொடங்கும், 30ஐத் தொட்டதும் நின்றுவிடும். யாராவது குழாயைத் திறந்தால் மறுபடி 29, மறுபடி ஓட்டம். தாங்கி ஒருநாளும் நிறையாது. மோட்டர் ஒவ்வொரு முறை புறப்படும்போதும் வழக்கமாக ஓடுவதைவிடப் பல மடங்கு கரண்ட் இழுக்கும். இப்படி நின்று நின்று புறப்பட்டால் சுற்றுக்கம்பி சூடேறிக் கருகிவிடும். சிவப்பு எழுத்து மறைந்துவிட்டது என்பதற்காக மாதிரி சரியாகிவிட்டது என்று நினைக்கக் கூடாது.

இடைப்பட்ட அளவில் மோட்டர் முன்பிருந்த நிலையிலேயே தொடர வேண்டும். அதற்கு பிளாக்குக்கு ஞாபகம் வேண்டும். அந்த ஞாபகம்தான் பர்சிஸ்டன்ட் மாறி:

    பர்சிஸ்டன்ட் நிலை
    இஃப் ஐஸ்எம்ப்டி(நிலை)
        நிலை = 0;
    எண்ட்
    இஃப் நீர் < 30
        நிலை = 1;
    எல்ஸ்இஃப் நீர் > 90
        நிலை = 0;
    எண்ட்
    மோட்டர் = நிலை;

ஐஸ்எம்ப்டி பகுதியை (மாறி இன்னும் காலியா என்று பார்ப்பது) விட்டுவிட்டால், மதிப்புக் கொடுக்கும் முன்பே மாறியைப் பயன்படுத்துகிறீர்கள் என்று இன்னொரு பிழை வரும். அப்புறம், பிளாக்கின் பண்புகளில் அப்டேட் மெதட் என்பதை டிஸ்கிரீட் ஆக்கி, சாம்பிள் டைம் 1 என்று கொடுங்கள். நொடிக்கு ஒரு தடவை தண்ணீர் மட்டத்தைப் பார்த்தால் போதும்.

படி 4: 'இந்த மாறி வரையறுக்கப்படவில்லை'

30, 90 என்பவற்றை மேட்லாப்பின் வொர்க்ஸ்பேஸில் (மாறிகளைச் சேர்த்து வைக்கும் இடம்) மாறிகளாக வைத்துவிட்டு, பிளாக்குக்குள் பெயரை மட்டும் எழுதினால் இது வரும். பிளாக் வெளியே எட்டிப் பார்க்காது. அந்தப் பெயரை முதல் வரியில் உள்ளீடாகச் சேருங்கள். பிறகு சிம்பல்ஸ் பகுதியில் (பழைய பதிப்புகளில் போர்ட்ஸ் அண்ட் டேட்டா மேனேஜர்) அதன் ஸ்கோப்பை பாராமீட்டர் என்று மாற்றுங்கள். வாசல் மறைந்து, மதிப்பு வொர்க்ஸ்பேஸிலிருந்து வரும். பெயரில் ஓர் எழுத்துக்கூட மாறக் கூடாது.

படி 5: பிழையே காட்டாத பிழை

இதற்குக் கொஞ்சம் நேரம் கொடுங்கள். ஆர்டுயினோ ஊனோ போன்ற சிறு மின்னணுக் கட்டுப்பாட்டுப் பலகையிலிருந்து தண்ணீர் மட்டம் 0 முதல் 1023 வரையான எண்ணாக வரும். அதை யுஇன்ட்16 வகையில் (பூச்சியமும் நேர் முழு எண்களும் மட்டும் கொள்ளும் எண் வகை) வாங்கி, சதவீதமாக்க 100ஆல் பெருக்கி 1023ஆல் வகுக்கிறீர்கள். கணக்கு சரி. ஆனால் யுஇன்ட்16 தாங்கும் உச்ச எண் 65535. தாங்கி நிறைந்திருக்கும்போது 1023 × 100 = 102300 வர வேண்டும்; அது 65535இல் முட்டி நின்றுவிடும். வகுத்தால் 64. ஆக, தாங்கி வழிந்து முற்றத்தில் தண்ணீர் ஓடினாலும் உங்கள் பிளாக் 64 சதவீதம் என்றே சொல்லும். 90 வராது, மோட்டர் நிற்காது. சிவப்பு எழுத்து ஒன்றுகூட இராது.

பெருக்குவதற்கு முன்பே உள்ளீட்டை டபுள் வகைக்கு (பெரிய எண்களையும் தசமங்களையும் தாங்கும் வகை) மாற்றுங்கள். விடையை மாற்றிப் பயனில்லை, அதற்குள் எண் வெட்டுப்பட்டிருக்கும். கழித்தலிலும் கவனம்: யுஇன்ட்16 வகையில் 5இலிருந்து 10ஐக் கழித்தால் விடை 0.

படி 6: அளவுப் பிழையும் வட்டப் பிழையும்

அலையடிக்கும் அளவீட்டைச் சமன்செய்யக் கடைசி ஐந்து மதிப்புகளின் சராசரி எடுக்க நினைத்து, பட்டியலின் முடிவில் ஒவ்வொன்றாக ஒட்டிக்கொண்டே போனால் அளவு பொருந்தவில்லை என்று பிழை வரும். தொடக்கத்திலேயே ஐந்து பூச்சியங்கள் கொண்ட பட்டியலை பர்சிஸ்டன்டாக வைத்து, பழையதைத் தள்ளிப் புதியதைச் சேருங்கள்.

அல்ஜிப்ராயிக் லூப் என்று வந்தால், மோட்டரின் வெளியீடு கூட்டல், பெருக்கல் பிளாக்குகள் வழியாக அதே கணத்தில் உள்ளீட்டுக்கே திரும்பி வருகிறது என்று பொருள். உண்மையில் தாங்கி நிறைய நேரம் எடுக்கும். அந்த இடத்தில் இன்டிகிரேட்டர் (வரும் மதிப்பை நேரத்தோடு சேர்த்துக்கொண்டே போகும் பிளாக்) போடுங்கள், அல்லது யூனிட் டிலே (மதிப்பை ஒரு படி தாமதித்துத் தரும் பிளாக்).

படி 7: நிறுத்தி நிறுத்திப் பாருங்கள்

எழுதும் பக்கத்தில் வரி எண்ணுக்கு அருகே கிளிக் செய்து பிரேக்பாயிண்ட் வைத்தால், ஓட்டம் அந்த வரியில் நிற்கும். மாறியின் மேல் மவுஸை வைத்தால் அந்தக் கணத்து மதிப்பு தெரியும். தண்ணீர் மட்டத்தை 20இலிருந்து 95 வரை ஏற்றி, மறுபடி 20க்கு இறக்குங்கள். 60ஐ இரண்டு தடவை கடப்பீர்கள்: ஏறும்போது மோட்டர் 1 ஆகவும், இறங்கும்போது 0 ஆகவும் இருக்க வேண்டும். இரண்டு தடவையும் ஒரே மதிப்பு வந்தால் படி 3க்குத் திரும்பிப் போய் பர்சிஸ்டன்ட் வரியைப் பாருங்கள்.