முதல் வெட் ஃப்ளை: கௌதாரி இறகும் ஆரஞ்சுப் பட்டும்

மீனை ஏமாற்றத் தூண்டில் முள்ளின் மேல் இறகும் நூலும் கட்டிச் செய்யும் போலிப் பூச்சிதான் ஃப்ளை. அதில் நீருக்கடியில் மிதந்து செல்லும் வெட் ஃப்ளையைக் கட்டப் பழகுகிறவர்கள், அதைப் பூச்சியின் அச்சாகவே செய்துவிட எண்ணி, முள்ளின் மேல் இறகையும் நூலையும் ஏற்றிக்கொண்டே போவார்கள். இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் ஆறுகளில் ட்ரவுட் மீனுக்காகத் தலைமுறைகளாகக் கட்டப்பட்டுவரும் ‘பார்ட்ரிட்ஜ் அண்ட் ஆரஞ்ச்’ இதற்கு நேர்மாறானது. ஆரஞ்சுப் பட்டு நூல், ஒரு கௌதாரி இறகு. அவ்வளவே அதன் பொருள்கள்.

14ஆம் எண் முள்ளை வைஸ் எனும் பிடிகருவியில் இறுக்கி, மெழுகு தடவிய பட்டு நூலை முள்ளின் கண்ணுக்கு, அதாவது தூண்டில் நூல் கோக்கும் வளையத்துக்கு, சற்றுப் பின்னாலிருந்து நெருக்கமாகச் சுற்றிச் சென்று, முள்முனைக்கு நேர்மேலே வந்ததும் திரும்புங்கள். உடல் மெலிந்திருந்தால்தான் ஃப்ளை தயங்காமல் அமிழும். உலர்ந்தபோது கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு நனைந்ததும் செம்பழுப்பாக மங்கிவிடும். ஆகவே நிறத்தை நூலை நனைத்துப் பார்த்தே முடிவு செய்யுங்கள்.

அடுத்தது இறகு, வெற்றியும் தோல்வியும் இங்கேதான். கௌதாரியின் புள்ளியிட்ட பழுப்பு இறகில் அடிப்பஞ்சை உரித்துவிட்டு, நுனியைக் கட்டி, இழைகளைப் பின்னோக்கி வருடியபடியே ஒன்றரைச் சுற்று, மிஞ்சினால் இரண்டு சுற்று சுற்றுங்கள். இழைகள் முள்ளின் வளைவை எட்டினால் போதும். சேவலின் கழுத்திறகு விறைப்பானது; அது நீர்மேல் மிதக்கும் ட்ரை ஃப்ளைக்கு ஏற்றது. கௌதாரி இழைகளோ ஓட்டம் அழுத்தும்போது உடலோடு படிந்து, அது தளர்ந்ததும் விரிந்து, மேற்பரப்பை நோக்கி ஏறும் பூச்சியின் கால்களைப்போலத் துடிக்கின்றன. மீனைக் கவ்வத் தூண்டுவதில் அச்சான உருவத்தைவிட இந்தத் துடிப்புக்கே பங்கு அதிகம் என்பது என் கருத்து. நான்கைந்து சுற்றுகள் போட்டால் இழைகள் ஒன்றையொன்று தாங்கிப் பிடிக்க, அசைவு அடங்கிப்போகும். (நான் முதலில் கட்டியவை புட்டி கழுவும் பிரஷ்களைப்போல இருந்தன.)

கண்ணை மூடாமல் சிறிய தலையாக நூலை முடிச்சிட்டபின், ஃப்ளையை ஒரு நூலில் கட்டிக் கண்ணாடித் தம்ளர் நீரில் மெல்ல ஏற்றி இறக்கிப் பாருங்கள். இழைகள் மூடித் திறந்தால் சரி; விறைத்து நின்றால் தலையை அவிழ்த்து ஒரு சுற்றைக் குறையுங்கள்.

ஆற்றில் குறுக்காக, சற்றே கீழ்நோக்கி வீசினால், ஃப்ளை வளைந்து வந்து, கயிறு இறுகும் கணத்தில் மேலே எழும். பலமுறை மீன் கவ்வுவது அப்போதுதான் என்பதால், அதற்கு முன் அவசரப்பட்டுக் கோலை உயர்த்திவிடாதீர்கள்.