வட நார்வே கடலோரத்தில் ஒரு கோடை: திட்டம் போடும்போதே தவிர்க்க வேண்டிய தவறுகள்

வட நார்வேக்குக் கோடையில் கிளம்புகிறவர்களின் பயணத் திட்டங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். முதல் நாள் பூடோ. இரண்டாம் நாள் காலை ரெய்னெபிரிங்கன் மலை, மாலை க்வால்விக்கா கடற்கரை. மூன்றாம் நாள் ஹென்னிங்ஸ்வேர், ஐந்தாம் நாள் ட்ரொம்சோ, ஏழாம் நாள் நோர்ட்காப். ஒவ்வொரு இரவுக்கும் ஒரு புது அறை, எல்லாவற்றுக்கும் பணம் கட்டியாகிவிட்டது. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தக் கரையில் எந்த மலையை எந்த நாளில் ஏறலாம் என்று சொல்வது வானிலைதான். அதற்குத் திட்டத்தில் இடமே விடாமல் இருப்பதுதான் முதல் தவறு. மற்ற பல தவறுகள் இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

ரெய்னெபிரிங்கன், க்வால்விக்கா, ஹென்னிங்ஸ்வேர் எல்லாம் இருக்கும் லோஃபோட்டன் தீவுகள் ஆர்க்டிக் வட்டத்துக்கு மேலே இருக்கின்றன. அட்லாண்டிக்கின் வெப்ப நீரோட்டம் இந்தக் கரையைத் தொட்டுப் போவதால் குளிர்காலத்தில்கூடக் கடல் உறைவதில்லை. ஜூலை மாதப் பகலில் பொதுவாக 12 முதல் 15 டிகிரி வரை இருக்கும். அதே கடல்தான் மேகத்தையும் கொண்டுவந்து மலை உச்சியில் நிறுத்துகிறது. காலையில் வெயில் அடித்த இடத்தில் மதியம் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாமல் போகலாம். தீவின் ஒரு பக்கம் மழை கொட்டும்போது அரை மணி நேர கார் தூரத்தில் மறுபக்கம் பளிச்சென்று இருப்பதும் சாதாரணம்.

அதனால் ஊர் ஊராகத் தாவாமல், ஓரிடத்தில் மூன்று நான்கு இரவு தங்குங்கள். லெக்னெஸ் ஊரைச் சுற்றி ஒரு தங்கல், ரெய்னெ பக்கம் ஒரு தங்கல் என்று வைத்தாலே லோஃபோட்டனின் முக்கால் பங்கைத் தொட்டுவிடலாம். ஸ்வோல்வேரிலிருந்து சாலை முடியும் ‘ஓ’ என்ற கிராமம் வரை மொத்தமே சுமார் 130 கிலோமீட்டர்தான். ஒவ்வொரு தங்கலுக்கும் மூன்று நடைகளைக் குறித்துக்கொள்ளுங்கள்: ஒன்று பெரிய ஏற்றம், ஒன்று கடலோரமாகச் சமதளத்தில் போவது, ஒன்று நடுத்தரம். எதை எப்போது போவது என்பதை முந்தின இரவு முடிவு செய்தால் போதும். நார்வே வானிலை ஆய்வு நிறுவனமும் பொது ஒலிபரப்பு நிறுவனமும் சேர்ந்து நடத்தும் ‘இர்’ என்ற சேவையில் மணிவாரியாக மழையும் காற்றும் தெரியும். மழையை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள், காற்றின் வேகத்தையும் பாருங்கள். குறுகலான மலைமுகட்டில் மழையைவிடக் காற்றுதான் ஆபத்து.

நாள் முழுக்க மழை என்றால் அது வீணான நாள் இல்லை. போர்க் கிராமத்தில் வைக்கிங் அருங்காட்சியகம் இருக்கிறது. 1981இல் ஒரு விவசாயி நிலத்தை உழுதபோது பழம்பொருட்கள் மேலே வந்தன. தோண்டிப் பார்த்ததில் 83 மீட்டர் நீளமுள்ள ஒரு தலைவனின் வீட்டுத் தடம் கிடைத்தது. அதே அளவில் திரும்பக் கட்டிய வீட்டுக்குள் நடந்து பார்க்கலாம். ‘ஓ’ கிராமத்தின் மீனவர் வீடுகளும் காய்ந்த காட் மீனுக்கான அருங்காட்சியகமும் மழை நாளுக்கென்றே வைத்துக்கொள்ள வேண்டியவை.

உயரத்தின் எண்ணை வைத்து மலையை எடைபோடுவது

ரெய்னெபிரிங்கனின் உயரம் 448 மீட்டர். நம்மூர்க்காரர்களுக்கு இந்த எண் ஒரு பொருட்டாகவே தெரியாது. கொடைக்கானலே 2000 மீட்டருக்கு மேலே இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் இங்கே ஏற்றம் கடல் மட்டத்திலிருந்து தொடங்குகிறது, வளைந்து நெளிந்து போகாமல் நேராக மேலே ஏறுகிறது. முன்பு இந்தப் பாதை மண் சரிந்து, கற்கள் உருண்டு மோசமாகக் கிடந்தது. நேபாளத்திலிருந்து வந்த ஷெர்பாக்கள் மலையின் கல்லை வைத்தே படிக்கட்டு அமைத்துக் கொடுத்தார்கள். சுமார் 2000 படிகள். ஒவ்வொரு கல்லும் பெரியது, உயரமும் ஒன்றுபோல் இருக்காது. ஏறும்போது மூச்சு வாங்கும், அவ்வளவுதான். இறங்கும்போதுதான் முழங்காலுக்குச் சோதனை, மழை பெய்திருந்தால் கல் வழுக்கவும் செய்யும். மடக்கும் கைத்தடி இரண்டு கொண்டுபோனால் இறக்கத்தில் பெரிய உதவி.

படிக்கட்டு முடியும் இடத்திலேயே அந்தப் புகழ்பெற்ற காட்சி கிடைத்துவிடும்: கீழே ரெய்னெ, பச்சை நீர், செங்குத்தான மலைகள், தீவுகளைக் கோக்கும் பாலங்கள். அங்கிருந்து முகட்டோடு இன்னும் கொஞ்சம் போனால் படம் நன்றாக வரும் என்று சிலர் நகர்கிறார்கள். அங்கே படி கிடையாது, பாதை ஒடுங்கிவிடும், இரு பக்கமும் பள்ளம். அந்தப் படத்துக்காக அவ்வளவு பெரிய விலை கொடுக்க வேண்டாம். இன்னொன்று, மலையடிவாரத்தில் கார் நிறுத்த இடம் இல்லை. ரெய்னெ ஊருக்குள் கட்டணம் கட்டி நிறுத்திவிட்டு நடந்து வர வேண்டும். சுரங்கச் சாலைக்குள் நடக்காமல் அதன் வெளிப்பக்கம் கடலோரமாகப் போகும் பழைய சாலையில் வாருங்கள்.

நார்வேயில் நடைபாதைகளுக்கு நிறம் கொடுத்திருப்பார்கள். பச்சை எளிது, நீலம் நடுத்தரம், சிவப்பு கடினம், கறுப்பு தேர்ந்தவர்களுக்கு மட்டும். இந்த நிறங்கள் மலையிலேயே வளர்ந்த மக்களை மனதில் வைத்துப் போட்டவை என்று எடுத்துக்கொள்வது நல்லது. முதல் இரண்டு நாள் நீலத்தில் நடந்து பார்த்துவிட்டு, உடம்பு எப்படி இருக்கிறது என்று தெரிந்தபின் சிவப்புக்குப் போங்கள். க்வால்விக்கா கடற்கரைக்குப் போகும் பாதை உயரத்தில் ஒன்றுமே இல்லை. ஆனால் வழியில் சதுப்பு நிலம் உண்டு, ஈரமான பலகைகளும் பாறைகளும் உண்டு. ஓடுவதற்கான மெல்லிய ஷூ அங்கே ஊறிவிடும். அடியில் நல்ல பிடிமானம் உள்ள, தண்ணீர் புகாத ஷூ இல்லாமல் இந்தக் கரைக்கு வராதீர்கள். அதையும் ஊரிலேயே சில வாரம் போட்டு நடந்து பழக்கிவிட்டுக் கொண்டுவாருங்கள்.

பாதியில் திரும்புவதைத் தோல்வியாக நினைப்பதும் ஒரு தவறுதான். நார்வேயில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த மலை விதிகள் ஒன்பது இருக்கின்றன. அதில் ஒன்று: நேரத்தோடு திரும்பிவிடு, திரும்புவதில் வெட்கம் எதுவும் இல்லை. அத்தனை காசு செலவழித்து, அத்தனை தூரம் பறந்து வந்த நமக்குத்தான் இந்த விதி ரொம்பவே தேவைப்படுகிறது. யாராவது விழுந்தால் மலைக்கு ஓடிவருபவர்களில் பலர் அக்கம்பக்கத்து ஊர்களின் தன்னார்வலர்கள். மருத்துவ அவசரத்துக்கு 113, காவல்துறைக்கு 112. ‘யெல்ப் 113’ என்ற செயலியை முன்பே போனில் ஏற்றிக்கொண்டால், அதிலிருந்து அழைக்கும்போது நீங்கள் நிற்கும் இடமும் அவர்களுக்குப் போய்ச் சேரும்.

நள்ளிரவுச் சூரியனைத் தப்பான பக்கத்தில் தேடுவது

லோஃபோட்டனில் மே கடைசியிலிருந்து ஜூலை நடு வரை சூரியன் மறைவதில்லை. ஆனால் ரெய்னெயிலோ ஸ்வோல்வேரிலோ அறை எடுத்துவிட்டு, ஜன்னலைத் திறந்தால் நள்ளிரவுச் சூரியன் தெரியும் என்று நம்புகிறவர்கள் ஏமாந்து போவார்கள். நள்ளிரவில் சூரியன் இருப்பது வடக்கே. அந்த ஊர்களுக்கு வடக்கில் மலை மறைத்துக்கொண்டு நிற்கிறது. வடமேற்கில் திறந்த கடலைப் பார்த்திருக்கும் உத்தக்லெய்வ், எக்கும், ஊன்ஸ்டாட் மாதிரி இடங்களுக்குப் போக வேண்டும். அப்புறம், 12 மணிக்குப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடாதீர்கள். கோடை நேரத்துக்காகக் கடிகாரத்தை முன்னே தள்ளி வைத்திருப்பதாலும், நேர வலயத்தில் இந்தத் தீவுகள் இருக்கும் இடத்தாலும், சூரியன் மிகத் தாழ்வாக வருவது இரவு 1 மணியைத் தாண்டித்தான்.

இரவெல்லாம் வெளிச்சம் என்பதால் கூட்டம் இல்லாத நேரத்தில் மலை ஏறலாம். அது இங்கே மட்டுமே கிடைக்கும் வரம். அதே வெளிச்சம் களைப்பையும் மறைத்துவிடும். பகல் நடை, இரவு நடை என்று இரண்டையும் அடுக்கினால் மூன்றாம் நாள் கால் தடுமாறும். இரவு ஏற வேண்டுமென்றால் பகலில் தூங்குங்கள். கண்ணை மூடும் பட்டை ஒன்று கட்டாயம் பையில் இருக்கட்டும்.

இதே கணக்கில் இன்னொரு ஏமாற்றமும் உண்டு. ஜூன், ஜூலையில் வந்துவிட்டு வட துருவ ஒளியையும் பார்க்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். வானம் இருட்டாமல் அது கண்ணுக்குத் தெரியாது. லோஃபோட்டனுக்கு வடக்கே உள்ள ஆண்டெனெஸ் கரையில் கோடையில் பார்க்கக் கிடைப்பது ஸ்பெர்ம் திமிங்கலங்கள். காட் மீனைத் தொங்கவிடும் மரச்சட்டங்கள் நிறைந்திருப்பது வசந்த காலத்தில். ஜூனில் மீனை இறக்கிவிடுவார்கள், அதன்பின் வெறும் சட்டங்கள்தான். பஃபின் பறவைகளைப் பார்க்க ஆசை என்றால் ஆகஸ்ட் வரை தள்ளாதீர்கள், அவை கடலுக்குக் கிளம்பிவிடும். மலையேற்றம்தான் முக்கியம் என்றால் ஜூன் தொடக்கம் சற்று முன்கூட்டி. உயரமான இடங்களில் நிழல் விழும் பக்கம் அப்போதும் பனி கிடக்கும்.

வரைபடத்தில் தூரத்தை மட்டும் பார்ப்பது

லோஃபோட்டனிலிருந்து நோர்ட்காப் சாலை வழியாக சுமார் 900 கிலோமீட்டர். போக இரண்டு முழு நாள், திரும்பவும் அதே. ஐரோப்பாவின் வட முனை என்று சொல்லிப் படம் எடுத்துக்கொள்ள நான்கு நாளைக் காருக்குள் கழிப்பது, ஒரு மாத விடுமுறை இருப்பவர்களுக்குச் சரி. பத்து நாள் வைத்திருப்பவர்களுக்கு அது வேண்டாம் என்பதே என் கருத்து. அந்த நாட்களைப் பூடோவுக்குத் தெற்கே இருக்கும் ஹெல்கெலாண்ட் கரைக்குக் கொடுங்கள். நடுவில் 35 மீட்டர் உயரத்துக்கு ஓட்டை விழுந்து நிற்கும் டோர்காட்டன் மலை அங்கேதான் இருக்கிறது. அந்த ஓட்டைக்குள்ளேயே நடந்து மறுபக்கம் போகலாம்.

கடலோரச் சாலை இடையிடையே கடலில் முடிந்துவிடும். அங்கே கார் ஏற்றும் படகுக்குக் காத்திருக்க வேண்டும். கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று தெரியாமல் கிளம்பினால் இரவு காருக்குள்தான். பூடோவிலிருந்து லோஃபோட்டனின் மொஸ்கெனெஸுக்குப் போகும் படகு திறந்த கடலை மூன்று மணி நேரத்துக்கு மேல் கடக்கிறது. ஜூலையில் காருக்கு இடம் முன்பதிவு செய்யாமல் போவது வீண் சிரமம். வாந்தி வருகிறவர்கள் மாத்திரையைப் படகு கிளம்புவதற்கு முன்பே போட்டுவிட வேண்டும்.

பூடோவில் இறங்குகிறவர்கள் 30 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் சால்ட்ஸ்ட்ரௌமன் நீரோட்டத்தைப் பார்க்கப் போவார்கள். குறுகிய நீர்ச்சந்து வழியே ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை கடல் உள்ளேயும் வெளியேயும் பாய்கிறது. சுழல்கள் திறந்து மூடுவதைப் பாலத்தின் மேல் நின்று பார்க்கலாம். ஓதம், அதாவது கடலின் ஏற்றவற்றம், திரும்பும் நேரத்தில் போனால் அங்கே சும்மா ஓடும் தண்ணீர்தான் இருக்கும். அன்றைய உச்ச நேரத்தைப் பார்த்துவிட்டு, அதற்குக் கால் மணி முன்னதாகப் போய் நில்லுங்கள்.

காரை இடப்பக்கம் ஓட்டிப் பழகியவர்களுக்கு ஒரு வார்த்தை: இங்கே வலப்பக்கம் ஓட்ட வேண்டும். ஒற்றை வழிச் சாலையில் எதிரே வண்டி வந்தால் ஒதுங்க ‘எம்’ என்று பலகை வைத்த இடங்கள் உண்டு. அவை ஒதுங்குவதற்கு மட்டுமே, படம் எடுக்க நிறுத்துவதற்கு இல்லை.

எங்கேயும் கூடாரம் போடலாம் என்று நினைப்பது

1957ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, பயிரிடாத நிலத்தில் யாரும் நடக்கவும் தங்கவும் உரிமை தருகிறது. பலரும் இதோடு படிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். குடியிருக்கும் வீட்டிலிருந்து 150 மீட்டராவது தள்ளித்தான் கூடாரம் போட வேண்டும். ஒரே இடத்தில் இரண்டு இரவுக்கு மேல் என்றால் நிலத்துக்காரரிடம் கேட்க வேண்டும். வயல், மேய்ச்சல் புல்வெளி எல்லாம் கிடையாது. ஏப்ரல் 15 முதல் செப்டம்பர் 15 வரை காட்டிலோ அதன் அருகிலோ தீ மூட்டத் தடை. இந்த உரிமை கூடாரத்துக்குத்தான், கேம்பர் வண்டிக்கு இல்லை. லோஃபோட்டனில் பல கடற்கரைகளில் இப்போது கூடாரம் கூடாது என்று பலகை வைத்திருக்கிறார்கள். சில நூறு பேர் வாழும் கிராமத்துக்கு ஒரு கோடையில் எவ்வளவு பேர் வருகிறார்கள் என்பதைப் பார்த்தால் அந்தப் பலகையின் நியாயம் புரியும். மலம் கழிக்க ஒதுங்கும்போது குடிநீர் ஓடைக்குத் தூரமாகப் போவது, காகிதத்தைப் பையில் கட்டித் திரும்பக் கொண்டுவருவது இரண்டும் கட்டாயம்.

உடையில் பருத்தி வேண்டாம். நனைந்த ஜீன்ஸ் காயாது, காற்றில் உடம்பு நடுங்கும். உள்ளே மெல்லிய கம்பளி, மேலே மழையும் காற்றும் புகாத ஜாக்கெட், பையில் ஒரு ஜோடி காய்ந்த சாக்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான பலசரக்குக் கடைகள் மூடியிருக்கும், அதனால் சனிக்கிழமையே வாங்கிவிட வேண்டும். மீன் சாப்பிடுகிறவர்களுக்கு இந்தக் கரை சொர்க்கம். 1980களில் அடைக்கலம் தேடி வந்த ஈழத்தமிழர் பலர் வடக்கே மீன் தொழிற்சாலைகளில் வேலைசெய்த பகுதி இது. சைவம் மட்டுமே என்றால் சிறு ஊர் உணவகங்களை நம்பாதீர்கள். சமையலறை உள்ள தங்குமிடமாகப் பார்த்து, பருப்பும் பொடிகளும் ஊரிலிருந்தே எடுத்து வாருங்கள். அடுப்புக்கான கேஸ் டப்பாவை விமானத்தில் கொண்டுபோக முடியாது, பூடோவில் வாங்கிக்கொள்ளலாம்.

கடைசியாக விசா. இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்கள், ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். 15 நாளுக்குக் குறைவாக இருக்கும்போது போய் நிற்கக் கூடாது. கோடையில் நேர்காணல் தேதி கிடைப்பதே பாடு என்பதால் மார்ச்சிலேயே வேலையைத் தொடங்குவது நல்லது. ட்ரொம்சோவிலிருந்து ஸ்வால்பார்ட் தீவுகளுக்கும் ஒரு எட்டுப் போய்வரும் எண்ணம் இருந்தால் விண்ணப்பத்திலேயே இருமுறை நுழைவு கேட்டுவிடுங்கள். அது நார்வேக்குச் சொந்தமான இடம்தான், ஆனால் ஷெங்கன் எல்லைக்கு வெளியே இருக்கிறது. ஒருமுறை நுழைவு விசாவோடு அங்கே போனால் திரும்பி நார்வேக்குள் வர முடியாது.