ஷிஃப்ட் தொடங்கியதும் யாரை முதலில் பார்ப்பது? புதிய வார்டு நர்ஸுகளுக்கான செய்முறை

ஹேண்ட் ஓவர் (முந்தைய ஷிஃப்ட் நர்ஸ் நோயாளிகளை ஒப்படைப்பது) முடிந்த கையோடு மருந்து டிராலியைத் தள்ளாதீர்கள். உங்கள் பொறுப்பிலுள்ள ஒவ்வொரு படுக்கையருகேயும் போய், பேர் சொல்லிக் கூப்பிட்டு, இப்போது எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். முழு வாக்கியமாகத் தெளிவான பதில் வந்தால், மூச்சுப்பாதை திறந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினாலோ, புதிதாகக் குழப்பமாகப் பேசினாலோ அங்கேயே நில்லுங்கள். உதவிக்கு ஆள் கூப்பிட்டு மதிப்பீட்டைத் தொடங்குங்கள்.

வரிசை: மூச்சுப்பாதை, மூச்சு, ரத்த ஓட்டம், நினைவுநிலை, கடைசியாகப் போர்வையை விலக்கி உடல். ஒன்றில் கோளாறு தெரிந்தால் அதைக் கவனித்த பிறகே அடுத்தது.

மூச்சை எண்ணுதல்

பலரும் சறுக்கும் இடம் இதுதான். எல்லா நோயாளிக்கும் 18 அல்லது 20 என்றே எழுதியிருக்கும் சார்ட், எண்ணாமல் எழுதிய சார்ட். ஆக்சிஜன் குறைந்தாலும் ரத்தத்தில் அமிலம் கூடினாலும் மூச்சின் வேகம் சீக்கிரமே ஏறிவிடும், பி.பி. பெரும்பாலும் தாக்குப்பிடித்துவிட்டுத் தாமதமாகத்தான் சரியும்.

நாடி பார்த்து முடித்த பிறகும் மணிக்கட்டை விடாமல் பிடித்தபடி மார்பின் ஏற்ற இறக்கத்தைக் கவனியுங்கள். எண்ணுவது தெரிந்தால் நோயாளி தன்னையறியாமல் மூச்சை மாற்றிக்கொள்வார். முழுதாக 60 நொடி எண்ண வேண்டும். 15 நொடி எண்ணி நாலால் பெருக்கினால், ஒரு மூச்சு தவறினாலே 24 என்பது 20 ஆகிவிடும். மானிட்டர் காட்டும் மூச்சு எண்ணையும் அப்படியே எழுத வேண்டாம். அது மார்பில் ஒட்டிய லீடுகள் (ஒயர்கள்) வழியே கணிப்பது, நோயாளி பேசினாலும் புரண்டாலும் தப்பும். சீருடையில் குத்திக்கொள்ளும் நொடிமுள் வாட்ச்தான் இதற்குச் சரி. செல்போனை எடுத்தால் கண் திரைக்குப் போய்விடும், கையும் சுத்தமாக இருக்காது.

ஆக்சிமீட்டரில் 97 இருக்கிறதே என்று நிம்மதியடையாதீர்கள். நிமிடத்துக்கு 28 முறை மூச்சிழுத்துத்தான் அவர் அந்த 97-ஐப் பிடித்து வைத்திருக்கலாம்.

மற்றவை சுருக்கமாக: கையின் பருமனுக்குச் சிறிய கஃப் (பி.பி. பட்டை) கட்டினால் பி.பி. பொய்யாகக் கூடும். விரல் சில்லிட்டிருந்தாலோ நகப்பூச்சு இருந்தாலோ ஆக்சிமீட்டர் தவறலாம். சிறுநீர் மணிக்கு, எடையில் கிலோவுக்கு 0.5 மில்லிக்குக் குறைந்தால் சொல்ல வேண்டும். 60 கிலோ ஆளுக்கு அது 30 மில்லி. நினைவு மங்கினால் உடனே சர்க்கரை பாருங்கள். டிரெஸ்ஸிங்கை மேலே மட்டும் பார்க்காமல் முதுகுக்கு அடியிலும் கைவிட்டுப் பாருங்கள், ரத்தம் அங்கேதான் வழிந்து தேங்கும்.

முன்னுரிமை

லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2017-இல் வெளியிட்ட நியூஸ்2 அட்டவணையைப் பழகிக்கொள்ளுங்கள். மூச்சு, நாடி, காய்ச்சல் போன்ற அளவுகளுக்கு மதிப்பெண் போட்டு, யார் நிலை மோசமாகிறது என்று காட்டும் அட்டவணை அது. ஒரு நோயாளிக்குக் காய்ச்சல் 38.4 டிகிரி செல்சியஸ், நாடி 112, மூச்சு 24. தனித்தனியாக எதுவும் பயமுறுத்தாது. மதிப்பெண் போட்டால் 1, 2, 2, கூட்டினால் 5. அவசரமாக மருத்துவர் வந்து பார்க்க வேண்டிய நிலை அது. 7 தொட்டால் அவசரக் குழு. ஏதாவது ஒன்றுக்கே 3 வந்தாலும் மருத்துவருக்குச் சொல்ல வேண்டும்.

பக்கத்துப் படுக்கையில் ஆபரேஷன் வலியில் கத்துபவருக்கு எல்லா அளவும் சரியாக இருந்தால் அவர் இரண்டாவது. காக்க வைப்பதற்கான காரணத்தையும் எப்போது வருவீர்கள் என்பதையும் அவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

போனில் "பேஷன்ட் சரியில்லை" என்றால் யாரும் ஓடிவர மாட்டார்கள். "மூச்சு 16-இலிருந்து நான்கு மணி நேரத்தில் 24 ஆகியிருக்கிறது, நியூஸ் 5, உடனே வந்து பாருங்கள்" என்று சொல்லி, பேசிய நேரத்தையும் எழுதி வையுங்கள்.

பின்சேர்க்கை: படித்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டவை இரண்டு: பீட்டா பிளாக்கர் (நாடியின் வேகத்தைக் குறைக்கும் மருந்து) சாப்பிடுபவரை எப்படிக் கணிப்பது, சிஓபிடி (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) உள்ளவருக்கு எப்படி மதிப்பெண் போடுவது. பீட்டா பிளாக்கர் சாப்பிடுபவருக்கு ரத்தம் கசிந்தாலும் நாடி ஏறாமல் இருக்கலாம். அவருக்கு மூச்சையும் சிறுநீரையும் வைத்து முடிவெடுங்கள். சிஓபிடி நோயாளியின் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு தேங்கும் என்று மருத்துவர் உறுதிசெய்திருந்தால் ஆக்சிஜன் இலக்கு 88 முதல் 92 சதவீதம் வரை. அவருக்கு நியூஸ்2-இல் ஆக்சிஜனுக்கான இரண்டாவது அளவுகோலில் மதிப்பெண் போட வேண்டும்; இல்லையென்றால், சரியான இலக்கில் இருப்பவருக்கும் 3 விழும், தேவைக்கு மேல் ஆக்சிஜனும் ஏற்றிவிடுவோம்.