கயாக்கா, கேனோவா? ஸ்பிரின்ட் படகுப் பந்தயத்தை முதல்முறை பார்ப்பவர்களுக்கு

2023 அக்டோபரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் அர்ஜுன் சிங்கும் சுனில் சிங் சலாமும் வெண்கலம் வாங்கிய செய்தி டிவியில் ஓடியபோது வீட்டில் ஒரு கேள்வி வந்தது: "போன வாரம்தானே படகுப் போட்டியில பதக்கம் வந்துச்சு, மறுபடியுமா?"

போன வாரம் வந்தது ரோயிங். இது கேனோ ஸ்பிரின்ட். இரண்டையும் 'துடுப்புப் படகுப் போட்டி' என்று ஒரே பெயரில் எழுதிவிடுவதால் வரும் குழப்பம் இது. முதலில் எனக்கும் இருந்தது. எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்துவிட்டால், ஏறக்குறைய நாலு நிமிடத்துக்குள் முடிந்துவிடும் இந்தப் பந்தயம் நன்றாகவே புரியும். ஒரு பந்தய வீடியோவைத் திறந்து வைத்துக்கொண்டு படியுங்கள்.

படி 1: முகம் எந்தப் பக்கம்?

முதுகைக் காட்டிக்கொண்டு முடிவுக்கோட்டை நோக்கிப் போனால் அது ரோயிங். அங்கே துடுப்பு படகோடு பொருத்தப்பட்டிருக்கும். போகும் திசையையே பார்த்துக்கொண்டு, துடுப்பைக் கையில் மட்டும் பிடித்து வலித்தால் அது கயாக் அல்லது கேனோ. தண்ணீர் நுரைத்துக்கொண்டு ஓட, மேலே கம்புகள் தொங்க, அவற்றுக்கு நடுவே படகு வளைந்து வளைந்து போகிறதா? அது ஸ்லாலம். அந்த வீடியோவை மூடிவிடுங்கள், இன்றைக்கு நமக்கு வேண்டியது அசையாத தண்ணீரில் நேர்கோட்டில் ஓடும் பந்தயம்.

படி 2: உட்கார்ந்திருக்கிறாரா, மண்டியிட்டிருக்கிறாரா?

இதில்தான் கொஞ்சம் நேரம் செலவழிக்க வேண்டும்.

கயாக்கில் வீரர் தாழ்வான இருக்கையில் காலை முன்னால் நீட்டி உட்கார்ந்திருப்பார். துடுப்புக்கு இரண்டு பக்கமும் தகடு இருக்கும். படகுக்கு அடியில் ஒரு சின்னச் சுக்கான் உண்டு, அதைக் காலால் திருப்புவார். பார்ப்பதற்குக் கை வேலை மாதிரித் தெரியும். நிஜத்தில் காலை மாற்றி மாற்றி உதைத்து, இடுப்பிலிருந்து உடம்பைத் திருப்புவதில்தான் வேகம் வருகிறது. தகடும் தட்டையாக இருக்காது. கரண்டி மாதிரி வளைந்த 'விங்' துடுப்பு 1980களில் வந்து, பழைய தட்டைத் துடுப்பை ஓரங்கட்டிவிட்டது.

கேனோவில் வீரர் ஒரு முழங்காலை ஊன்றி, மற்ற காலை முன்னால் மடக்கி வைத்திருப்பார். துடுப்புக்கு ஒரே தகடு. பந்தயம் முழுக்க ஒரே பக்கம்தான் வலிப்பார், வலது என்றால் வலது, இடது என்றால் இடது. சுக்கானும் கிடையாது. ஒரே பக்கம் வலித்தால் படகு மறுபக்கம் திரும்பத்தானே செய்யும்? அதனால் ஒவ்வொரு வலிப்பின் கடைசியிலும் துடுப்பை லேசாகத் திருப்பித் தள்ளிப் படகை நேராக்குவார். வீடியோவை மெதுவாக ஓட்டினால் மணிக்கட்டு புரள்வது தெரியும். வேகத்தையும் விடாமல் திசையையும் சரிசெய்வதால், என் கணக்கில் கயாக்கைவிடக் கேனோவே கடினம். கயாக் ரசிகர்கள் சண்டைக்கு வரலாம்.

படி 3: பட்டியலைப் படிப்பது

'கே' என்றால் கயாக், 'சி' என்றால் கேனோ. பக்கத்தில் இருக்கும் எண் படகில் எத்தனை பேர் என்பது. அடுத்தது தூரம். 'சி2 1000' என்றால் இரண்டு பேர் கேனோவில் ஆயிரம் மீட்டர். அர்ஜுனும் சுனிலும் வென்றது இதில்தான், 3 நிமிடம் 53.329 விநாடியில். அதற்கு முன் ஆசிய விளையாட்டில் இந்தியாவுக்கு இந்த விளையாட்டில் கிடைத்த ஒரே பதக்கமும் இதே சி2 1000தான்: 1994 ஹிரோஷிமாவில் சிஜி சதானந்தன், ஜானி ரோமெல் வாங்கிய வெண்கலம்.

'கேஎல்', 'விஎல்' என்று பார்த்தால் அது மாற்றுத்திறனாளிகளுக்கான பாரா கேனோ. 2016 ரியோவிலிருந்து பாராலிம்பிக்கில் இருக்கிறது. டோக்கியோவில் நம் பிராச்சி யாதவ் விஎல்2 (இங்கே எண் ஆள் கணக்கு இல்லை, குறைபாட்டின் வகை) இறுதிப்போட்டி வரை போனார்.

படி 4: தூரமும் நேரமும்

200, 500, 1000 மீட்டர். ஒலிம்பிக்கில் இந்த விளையாட்டு 1936 பெர்லினிலிருந்து பதக்கப் போட்டி. பெண்கள் கயாக் 1948இல் வந்துவிட்டது, பெண்கள் கேனோவோ டோக்கியோ வரை காத்திருக்க வேண்டியிருந்தது! பாரிஸ் 2024இல் மொத்தம் பத்துப் போட்டிகள், ஆண்களுக்கு ஐந்து, பெண்களுக்கு ஐந்து.

ஒரு அளவு மனதில் இருக்கட்டும். ஆண்கள் கே4 500 மீட்டரை ஏறக்குறைய 80 விநாடியில் முடிப்பார்கள். கணக்குப் போட்டால் மணிக்கு 22 கிலோமீட்டருக்கு மேல். இன்ஜின் இல்லாமல்.

படி 5: எந்தச் சுற்று, எந்தப் பாதை

முதல் சுற்று, காலிறுதி, அரையிறுதி, இறுதி என்று போகும். 'இறுதி பி' என்று பார்த்துப் பதக்கத்துக்குக் காத்திருக்காதீர்கள். அது பின்வரிசை இடங்களுக்கான ஓட்டம். இறுதியில் நடுப் பாதைகளில் நிற்பவர்கள் அரையிறுதியில் நன்றாக ஓடியவர்கள். முதல் சுற்றில் பெரிய வீரர் கடைசி நூறு மீட்டரில் சும்மா மிதந்து வந்தால் பதற வேண்டாம், சக்தியைச் சேமிக்கிறார்.

படி 6: புறப்பாடு

படகின் மூக்கை, கடலோரத்தில் அணியம் என்பார்களே, அதை ஒரு கிண்ணம் மாதிரியான தடுப்புக்குள் நுழைத்து நிறுத்துவார்கள். சைகை வந்ததும் தடுப்பு தண்ணீருக்குள் இறங்கிவிடும். எல்லாப் படகும் ஒரே கோட்டில் நிற்க இந்த ஏற்பாடு.

அப்போது கொடிகளைப் பாருங்கள். எதிர்க்காற்று என்றால் நேரம் கூடும், பின்காற்று என்றால் குறையும். அதனால்தான் வெவ்வேறு நாளில் எடுத்த நேரங்களை ஒப்பிடுவது சரிவராது. பக்கக்காற்று அடித்தால் கேனோக்காரர்களைக் கவனியுங்கள். இடப்பக்கம் வலிப்பவருக்கும் வலப்பக்கம் வலிப்பவருக்கும் அது ஒரே மாதிரி இருக்காது.

படி 7: நடுவில் ஏமாறாமல் இருப்பது

முதல் 250 மீட்டரில் முன்னால் போகிறவரைப் பார்த்து முடிவு கட்டாதீர்கள். குறிப்பாக ஆயிரம் மீட்டரில். திரையில் 250, 500, 750 என்று நேரம் வரும். முதலிடத்துக்கும் நாலாம் இடத்துக்கும் உள்ள இடைவெளி ஏறுகிறதா குறைகிறதா என்பதுதான் முக்கியம்.

கேமராவும் ஏமாற்றும். சாய்வான கோணத்தில் எடுத்தால் கிட்டே இருக்கும் படகு முந்துவதுபோலத் தெரியும். மேலிருந்து காட்டும்போது மட்டும் நம்புங்கள்.

கயாக்கில் மூக்கு மேலும் கீழும் ஆட ஆரம்பித்தால் வீரர் களைத்துவிட்டார் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். கேனோவில் ஒவ்வொரு வலிப்புக்கும் மூக்கு ஆடுவது இயல்பு, அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. கே4இல் முன்னால் இருப்பவர்தான் தாளம் போடுகிறார். நாலு துடுப்பும் ஒன்றாகத் தண்ணீரில் இறங்குகிறதா என்று பாருங்கள். டோக்கியோவிலும் பாரிஸிலும் கே4 500 தங்கம் வென்ற ஜெர்மனி ஆண்கள் அணியைப் பார்த்தால் புரியும்.

அழகான வலிப்பு என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் நியூசிலாந்தின் லிசா கேரிங்டன் வீடியோவை அனுப்பிவிடுவேன். 2012 முதல் 2024 வரை எட்டு ஒலிம்பிக் தங்கம், அதில் மூன்று பாரிஸில் மட்டும்.

படி 8: முடிவுக்கோடு

வீரரின் தலையோ துடுப்போ கணக்கில்லை, படகின் மூக்குதான் கணக்கு. ஆனால் ஆள் படகில் இருக்க வேண்டும். 2014 மாஸ்கோ உலக சாம்பியன்ஷிப் சி1 1000 இறுதியில் பிரேசிலின் இசாகியாஸ் கெய்ரோஸ் முன்னணியில் வந்தார், கோட்டுக்குச் சற்று முன் நிலைகுலைந்து தண்ணீரில் விழுந்தார். தங்கம் ஜெர்மனியின் செபாஸ்டியன் பிரெண்டலுக்குப் போனது. ஏழு வருடம் கழித்து டோக்கியோவில் அதே தூரத்தில் கெய்ரோஸ் ஒலிம்பிக் தங்கம் வென்றார்.

கண்ணால் பிரிக்க முடியாவிட்டால் புகைப்படம்தான் தீர்ப்பு. சில நேரம் அதிலும் பிரியாது. ரியோவில் ஆண்கள் கே1 200இல் ஸ்பெயினின் சவுல் கிராவியோட்டோவுக்கும் ஜெர்மனியின் ரொனால்ட் ரவுவேக்கும் ஆளுக்கொரு வெண்கலம் கொடுத்தார்கள்.

கரைக்கு வந்தபின் படகை எடை போடுவதும் உண்டு. கே1 என்றால் குறைந்தது 12 கிலோ இருக்க வேண்டும்.

படி 9: இப்போது நீங்களே

பாரிஸ் 2024 பெண்கள் சி1 200 இறுதியைத் தேடிப் போடுங்கள். நடந்த இடம் வேர்-சுர்-மார்ன். கனடாவின் கேட்டி வின்சென்ட் 44.12 விநாடி, டோக்கியோவில் தங்கம் வென்ற அமெரிக்காவின் நெவின் ஹாரிசன் 44.13.

விடை தெரிந்துவிட்டதே என்று நினைக்காதீர்கள். சத்தத்தை நிறுத்திவிட்டு, யார் எந்தப் பக்கம் வலிக்கிறார்கள் என்று மட்டும் முதலில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கோட்டைத் தொடும் நொடியில் வீடியோவை நிறுத்தி, எந்த மூக்கு முன்னால் இருக்கிறது என்று வீட்டில் ஆளாளுக்குச் சொல்லச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் மூன்று பேர் பார்த்தோம், மூன்று பதில் வந்தது.