ட்ரிஃப்டுக்கு ஹால் ஸ்டிக் மாற்றுகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னை ரிச்சி தெருவில் கேம் கன்ட்ரோலருக்கான ஹால் ஸ்டிக் வாங்கி, வீட்டிலேயே மாற்றப் பார்த்து, பாதியில் மாட்டிக்கொண்டு கன்ட்ரோலரை என்னிடம் எடுத்து வருபவர்கள் இப்போது அதிகம். இந்த வேலைக்குள் வந்த எல்லாரும் ஒரு காலத்தில் செய்த தவறுகளையே இவர்களும் செய்கிறார்கள். ஸ்க்ரூவைத் தொலைப்பது, ரிப்பனைக் கிழிப்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன்.

வழக்கமான ஸ்டிக்கில் கார்பன் பட்டை மேல் ஓர் உலோக நாக்கு உரசிக்கொண்டே நகரும். பட்டை தேய்ந்தால் நீங்கள் கை வைக்காமலே ஆட்டத்தில் ஆள் நடக்க ஆரம்பிப்பார். அதுதான் ட்ரிஃப்ட். ஹால் ஸ்டிக்கில் காந்தம் நகர்வதை சென்சார் தொடாமலே அளக்கிறது. உரசல் இல்லாததால் அந்தத் தேய்மானமும் இல்லை. இதற்கு அடிப்படையான ஹால் விளைவை எட்வின் ஹால் கண்டுபிடித்தது 1879இல். 1998இல் வந்த சேகா ட்ரீம்காஸ்ட் கன்ட்ரோலரிலேயே இந்த வகை சென்சார் இருந்தது.

சோதிக்காமல் பிரிப்பது

கன்ட்ரோலரைக் கம்ப்யூட்டரில் இணைத்து, பிரவுசரில் கேம்பேட் டெஸ்டர் ஒன்றைத் திறந்து, ஸ்டிக்கைத் தொடாமல் எண்களைப் பாருங்கள். எண் நடுங்கித் தாவினால் பட்டை தேய்ந்திருக்கிறது, மாற்றலாம். பூஜ்ஜியத்திலிருந்து சற்றுத் தள்ளி, ஆனால் ஆடாமல் நின்றால் அளவை மட்டும் திருத்தியே (கேலிப்ரேஷன்) பல நேரம் சரிசெய்துவிடலாம்.

'எல்லாத்துக்கும் பொருந்தும்' என்றதும் வாங்குவது

உங்கள் மாடலின் பெயரைச் சொல்லி வாங்குங்கள். நிண்டெண்டோ ஸ்விட்சின் ஜாய்-கான் ஸ்டிக் ரிப்பனில் மாட்டுவது, பற்ற வைக்கும் வேலையே இல்லை.

உருகுவதற்கு முன் இழுப்பது

எத்தனை முறை சொன்னாலும் நிற்காத தவறு இது. எனக்கு இன்னும் கோபம் வருவதும் இதில்தான், ஏனென்றால் மற்ற தவறுகளில் காசு மட்டும் போகும், இதில் போர்டே போய்விடும்.

டூயல்சென்ஸ் (பிளேஸ்டேஷன் 5 கன்ட்ரோலர்) போன்றவற்றில் ஒரு ஸ்டிக் போர்டில் 14 கால்களில் நிற்கிறது: இரண்டு அச்சுகளுக்கு ஆறு, அழுத்தும் பட்டனுக்கு நான்கு, உலோகச் சட்டத்துக்கு நான்கு. ஒவ்வொரு துளையின் உள்சுவரிலும் மெல்லிய செம்புப் பூச்சு உண்டு. போர்டின் மேல்பக்கம், அடிப்பக்கம், நடு அடுக்குகள் எல்லாவற்றையும் இணைப்பது அதுதான். ஒரு காலில் பற்றவைத்த ஈயம் (சோல்டர்) முழுதாக உருகாமல் ஸ்டிக்கை இழுத்தால் அந்தப் பூச்சும் காலோடு சேர்ந்து வந்துவிடும். மேலே பார்த்தால் பேட் (துளையைச் சுற்றிய செம்பு வளையம்) நன்றாகவே இருப்பதுபோல் தெரியும். உள்ளே இணைப்பு அறுந்திருக்கும்.

சமீபத்தில் தாம்பரத்திலிருந்து ஒரு கல்லூரிப் பையன் வந்தான். "அண்ணா, எல்லாக் காலும் உருகிடுச்சுன்னுதான் நினைச்சேன், லேசாத்தான் இழுத்தேன்" என்றான். கிரவுண்ட் கால்கள் உருகவே இல்லை. கிரவுண்டுக்கான அகலமான செம்புப் பரப்பு சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். சாதாரண 25 வாட் சோல்டரிங் அயர்ன் அங்கே திணறும். மூன்று துளைகள் சேதம். கிரவுண்டைப் பக்கத்தில் சுரண்டி கம்பி இழுத்துவிட்டேன். ஒரு சிக்னல் கோடு நடு அடுக்கிலேயே அறுந்திருந்தது. நல்ல கன்ட்ரோலர், அவசரத்தால் போனது.

பழைய ஸ்டிக்கை முழுதாகக் காப்பாற்ற நினைக்காதீர்கள், அது எப்படியும் குப்பைக்குத்தான். பக்கவாட்டில் இருக்கும் இரண்டு சிறு பெட்டிகளையும் முதலில் நெம்பி எடுங்கள், பட்டனைக் கட்டரால் வெட்டுங்கள், சட்டத்தைத் தனியாக்குங்கள். மிஞ்சிய கால்களை ஒவ்வொன்றாகச் சூடாக்கினால் தானே வரும். தொழிற்சாலை ஈயம் காரீயம் இல்லாதது, சுமார் 217 டிகிரியில்தான் உருகும். அதன்மேல் 183 டிகிரியில் உருகும் 63/37 ஈயத்தையும் (63% வெள்ளீயம், 37% காரீயம்) ஈயம் நன்றாகப் பரவ உதவும் ஃப்ளக்ஸை நிறையவும் சேர்த்தால் கலவை சீக்கிரம் இளகும். வெப்பம் கட்டுப்படுத்தும் ஸ்டேஷனில் 350 டிகிரி அளவில் வேலை செய்யுங்கள். கால் தானாக வராவிட்டால் இன்னும் ஃப்ளக்ஸ் போடுங்கள், பலத்தைக் கூட்டாதீர்கள்.

பேட்டரியைக் கழற்றாமல் பற்ற வைப்பது

செய்யவே செய்யாதீர்கள்.

அளவு திருத்தாமல் மூடுவது

பழைய ஸ்டிக்குக்கான நடுப்புள்ளியும் எல்லையும்தான் கன்ட்ரோலரின் நினைவகத்தில் இருக்கும். புது ஸ்டிக் நன்றாக இருந்தாலும் ஆள் ஓரமாகவே நகர்வார், "ஹால் போட்டும் ட்ரிஃப்ட்" என்று புகார் வரும். டூயல்சென்ஸுக்குப் பிரவுசரிலேயே இயங்கும் கருவி உண்டு. நடுப்புள்ளி, எல்லை இரண்டையும் திருத்திவிட்டு, அப்புறம் நிரந்தரமாகச் சேமிக்கும் பொத்தானையும் அழுத்துங்கள். அதை விட்டால் அணைத்துப் போட்டதும் பழையபடி ஆகிவிடும். டிஎம்ஆர் ஸ்டிக்கும் காந்த வகைதான், மின்சாரம் குறைவாக எடுக்கும். அதற்கும் இதே வேலை உண்டு.

பக்கத்தில் காந்தம்

ஸ்பீக்கர், காந்தப் போன் ஹோல்டர் அருகே வைத்துச் சோதிக்காதீர்கள்.

ஸ்பிரிங்கை மறப்பது

ஸ்டிக்கை நடுவுக்குக் கொண்டுவருவது ஸ்பிரிங்தான், அது ஹால் ஸ்டிக்கிலும் தளரும். அதனால் ஆட்டத்தில் டெட்ஸோனை (நடுவில் சிறு அசைவைக் கணக்கில் எடுக்காத பகுதி) முழுதாகப் பூஜ்ஜியமாக்காமல் கொஞ்சம் விட்டுவையுங்கள்.